துரைசாணியின் முடி

ஜனவரி 9, வியாழன்

எனக்கு நாய் பிடிக்காது. அம்மாவுக்கும் பிடிக்காது என்றுதான் இருபத்து மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் வேலை முடிந்து வந்தவளின் தோளில் ஒரு அரிசிச் சாக்கு. எங்கள் வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் பொங்கலுக்குள் சரியாகிவிடும் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எந்தப் பொங்கல் என்று அதில் இல்லை. அம்மா மூச்சு வாங்கியபடி சாக்கைத் தரையில் வைத்தாள். சாக்கு அசைந்தது.

"இன்னாம்மா இது?"

"நாய்னு நெனைக்கிறேன்."

பார்த்தால் அவள் சந்தேகம் நியாயமாகத்தான் இருந்தது. ரயில்வே ஸ்டேஷனில் தரை துடைக்கும் மாப்பை ஒரு மாதம் சாக்கடையில் ஊறவைத்து எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. முன் எது பின் எது என்று தெரியவில்லை. ஒரு பக்கத்திலிருந்து இருமல் வந்ததால் அதுதான் முன் என்று முடிவு செய்தோம்.

அம்மா குப்பை அள்ளும் கடற்கரைப் பக்கத்துத் தெருவில், பச்சைத் தொட்டிக்குப் பின்னால், சாக்கு வாய் கட்டிக் கிடந்ததாம். கூட வேலை செய்யும் பெண் "தொறக்காதக்கா, செத்தது எதுனா இருக்கும், அப்டியே வண்டில போடு" என்றிருக்கிறாள். அம்மா திறந்திருக்கிறாள்.

"நாளைக்கு எங்கயாவது வுட்டுரு" என்றேன்.

"ம்" என்றாள். அவள் 'ம்' என்றால் முடியாது என்று அர்த்தம்.

எட்டு வருடம் முன்பு ஆற்றோரத்திலிருந்து எங்களையும் மூட்டை முடிச்சோடு லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இந்த பிளாக்குகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதற்காக மூட்டையில் வருவதையெல்லாம் வளர்க்க முடியுமா?

ஜனவரி 10, வெள்ளி

தவறு செய்துவிட்டோம். நாற்றம் தாங்காமல் காலையில் துணி சோப்பு போட்டுக் குளிப்பாட்டினோம். காய்ந்ததும் சிக்கு விழுந்த முடி மொத்தமும் இறுகி, கம்பளி மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது. தோலை இழுத்துப் பிடிக்கிறது. நடக்கும்போது வலிக்கிறது போல, ஒரு அடி வைத்து நிற்கிறது. பிறகு செல்போனில் தேடிப் படித்தேன். நீள முடி நாயைச் சிக்கு எடுக்காமல் குளிப்பாட்டக் கூடாதாம்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமையில் நாங்கள் இதற்கு முன் இருந்ததில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

கீழே சலூன் வைத்திருக்கும் டில்லிபாபு அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனோம். மதியம் கூட்டம் கலைந்த பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெட்டுவதாக ஏற்பாடு.

"இந்த மெஷின்ல நாய்க்கு வெட்டுனேன்னு தெரிஞ்சா ஒருத்தன் தலைய குடுக்க மாட்டான்க்கா."

"நீ இன்னிக்கு வெட்டுன தலைங்கள நானும்தான் பாத்தேன். இது தேவல."

இரண்டு பிளேடு போனது. ஒன்றரை மணி நேரம். முடி உதிரவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றுவது போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. உள்ளே இருந்தது பெருச்சாளியைவிடக் கொஞ்சம் பெரிய, ரோஸ் நிறத்தில் நடுங்குகிற ஒரு பிராணி. அக்குளில், காதுக்குப் பின்னால், வாலடியில் புண். சப்பை மூக்கு, துருத்திய கண்.

"உரிச்ச கோழி மாதிரி கீது" என்றார் டில்லிபாபு. அப்புறம் மெஷினை டெட்டாலில் போட்டுவிட்டு, யாரும் கேட்காமலே புண்ணுக்கு மஞ்சள் குழைத்தார்.

"வெள்ளத் தோலு. நடக்க மாட்டேங்குது, தூக்கினு போவச் சொல்லுது" என்றாள் அம்மா. "துரைசாணிதான்."

டில்லிபாபு அதை 'சாணி' என்று சுருக்கிவிட்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். லிஃப்ட் சரியாகவில்லை.

ஜனவரி 20, திங்கள்

அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். அம்மா அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"கொழந்தைக்கு இன்னாம்மா?"

"சளி."

துண்டுக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது. "நல்லா போத்து, காத்து அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் என் வயதுக்காரி மாதிரி இருந்தார். மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்ததும் துரைசாணி மூத்திரம் போய்விட்டது. நான்கு காலும் விறைத்துக்கொண்டன. கத்தவில்லை. அம்மா தலைமாட்டில் போய் நின்று கன்னத்தில் கை வைத்த பிறகுதான் கால் தளர்ந்தது.

வயிற்றில் மேலிருந்து கீழாகத் தடித்த தழும்பு. டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார். "மூணு தடவையாவது கிழிச்சுக் குட்டி எடுத்திருக்காங்க. இந்த ஜாதிக்குத் தலை பெருசு, தானாப் பெத்துக்கறது கஷ்டம். கூண்டுல வச்சு வருஷத்துக்கு ரெண்டு ஈத்து எடுப்பாங்க. ஏழு வயசு இருக்கும். இனிமே பெத்துக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் தள்ளிட்டாங்க."

வாயைத் திறந்து காட்டினார். நான்கு பல் மிச்சம். கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்துப் போயிருக்குமாம்.

கண்ணில் முடி குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் புண்ணாகிப் பார்வை போகும். தினமும் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைக்க வேண்டும். முடி வளர வளரத் தினம் சீவ வேண்டும். வெங்காயம் கூடாது. வெயில் ஆகாது. நான் செல்போனில் குறித்துக்கொண்டேன். யாராவது குறித்துக்கொள்ள வேண்டுமே என்பதற்காக.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா துண்டை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "பால் குடிக்கறதுக்குள்ள குட்டிய எடுத்துகினு போயிருப்பானுங்க இல்ல?" என்று கேட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

கிண்டியில் இன்டர்வியூ. வேலை பில்லிங். பி.காம். எழுபத்தெட்டு சதவீதம், டேலி தெரியும், தப்பில்லாமல் தட்டச்சு செய்வேன். விண்ணப்பத்தில் எப்போதும் போல சைதாப்பேட்டைச் சின்னம்மா வீட்டு முகவரிதான் எழுதியிருந்தேன். ஆதார் கேட்டார்கள். கொடுத்தேன்.

"ஓ, அந்த ஹவுசிங் போர்டா?" என்றான் டை கட்டியவன். குரலில் கெட்டது எதுவும் இல்லை. பேனாவை மூடி வைத்தான், அவ்வளவுதான். கூப்பிடுகிறோம் என்றான்.

செராக்ஸ் கடையில் அரை நாள் வேலைக்குத் திரும்பிப் போய், நாற்பது பேருக்கு ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். அதில் பாதிப் பேருக்கு எங்கள் முகவரிதான், பிளாக் எண் மட்டும் வேறு.

பிப்ரவரி 22, சனி

துரைசாணி இன்று வாலை ஆட்டியது. குழைத்த சோறும் கோழி ஈரலும் வைத்தபோது. எனக்காக அல்ல, ஈரலுக்காக.

மார்ச் 16, ஞாயிறு

முடி ஒரு அங்குலம் வந்துவிட்டது. வெள்ளையில் தேன் நிறத் திட்டு. அம்மா பேன் சீப்பால் சீவப் பார்த்தாள். பல் உள்ளே போகவில்லை. அது பரவாயில்லை. அவள் கையால் நீவினால்கூட முடி அவள் விரலில் மாட்டிக்கொள்கிறது. உள்ளங்கை முழுக்க வெடிப்பு. ஒப்பந்தக்காரர் கொடுக்கும் கையுறை பதினைந்து நாளில் கிழியும், அடுத்தது மூன்று மாதம் கழித்து வரும். வெடிப்பில் முடி சிக்கி இழுத்ததும் துரைசாணி 'ங்' என்றது. அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ செய் மோனி. உன் கை மெத்துனு கீது."

ஆக, சீவுவது என் வேலை. கண் துடைப்பது என் வேலை. பின்பக்க முடியில் பீ ஒட்டினால் கத்தரிப்பதும் என் வேலை. ஏழு மாடி இறங்கி ஒன்றுக்கு விடுவது இருவர் வேலையும். நான் கேட்டு வாங்கியதில்லை எதுவும்.

முதலில் நுனி, பிறகு நடு, கடைசியில் அடி. வேரிலிருந்து இழுத்தால் வலிக்கும். சிக்கில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு விரலால் பிரித்தால் விட்டுவிடும். அகலப் பல் சீப்பு ஒன்று வாங்கினேன். எனக்காகத்தான் வாங்கினேன். இப்போது அது அதனுடையது.

ஏப்ரல் 27, ஞாயிறு

நாலு மணி நேரம் மின்சாரம் இல்லை. மேல் மாடி. கூரை தோசைக்கல். துரைசாணி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாத்ரூம் ஈரத் தரையில் கிடந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. சப்பை மூக்கு நாய்களுக்கு வெயிலில் உயிரே போகலாம் என்று படித்திருக்கிறேன். ஈரச் சாக்கில் படுக்கவைத்து, அட்டையால் விசிறினேன். அம்மா ஐஸ் வாங்க இறங்கிப் போனாள்.

அவள் வந்ததும் சொன்னேன். "இது ஏசி வீட்டு நாய்ம்மா. நம்மகிட்ட இருந்தா செத்துரும். யாராவது பணக்காரங்களுக்குக் குடுத்துரலாம்."

அம்மா ஐஸை உடைத்துத் துணியில் கட்டினாள். "நானு, நீயி செத்தமா?" என்றாள்.

அது பதில் இல்லை. ஆனாலும் ஐஸ் துணியை வாங்கித் துரைசாணியின் கழுத்தில் ஒற்றினேன்.

மே 18, ஞாயிறு

ஒன்றைக் கவனித்தேன். ஜனவரியில் ரோஸ் நிறத்தில் புண்ணோடு இதைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள், அவ்வளவுதான். இப்போது முடி காதிலிருந்து வழிகிறது, நடந்தால் பாவாடை மாதிரி ஆடுகிறது, கண்ணில் விழாமல் உச்சியில் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். இப்போது எல்லோரும் கேட்கிறார்கள்.

"எங்க சுட்டீங்க?"

இதைக் கேட்டவர் மூன்றாவது மாடி மாமா. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒரு போலீஸ்காரர் சிரிக்காமல் கேட்டார். "யாருதும்மா இது? எந்த வூட்ல வேல செய்யற?" என்னுடையது என்றேன். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு நாயைப் பார்த்தார். நாய்தான் என்னைவிட நன்றாகச் சீவியிருந்தது.

அழுக்காக இருந்தவரை எங்களுடையது. அழகானதும் யாருடையதோ.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவுக்கு ஞாயிறும் வேலை. நானும் துரைசாணியும் அவளோடு கடற்கரைப் பக்கத்துத் தெருவுக்குப் போனோம். காற்று நன்றாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். காலை ஆறரை மணி.

அந்தத் தெருவில் பெரிய அபார்ட்மென்ட் ஒன்று இருக்கிறது. கருங்கல் மதில், மேலே காகிதப்பூ, பித்தளை எழுத்தில் பெயர். அம்மா உள்ளே போய்க் குப்பை எடுத்து வெளியே வரும்போது காவலாளி அவள் பையைத் திறந்து பார்ப்பான். தினமும். இன்றும் பார்த்தான். டிபன் பாக்ஸ் மூடியைக்கூடத் திறந்தான். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

அவள் அடுத்த தெருவுக்குப் போன பிறகு சிறிது நேரம் அந்த மதில் பக்கம் நின்றிருந்தோம். வெளிச்சம் நன்றாக இருந்தது.

ஜூன் 18, புதன்

இன்ஸ்டாகிராமில் நாய்களுக்கென்றே தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சும்மா பார்த்தேன். ஒரு படத்துக்கு இரண்டாயிரம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். "என்ன ஷாம்பு யூஸ் பண்றீங்க சிஸ்?" என்று ஒருத்தி. "இது அந்த பீச் ரோடு பக்கம்தானே? செம்ம ஏரியா" என்று இன்னொருத்தி.

ஜூன் 26, வியாழன்

சூப்பர்வைசர் வேதகிரி இன்று அம்மாவை வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அந்த அபார்ட்மென்டில் மாளவிகா என்று ஒரு பெண்ணின் நாய் நவம்பரில் காணாமல் போயிருக்கிறது. இதே ஜாதி, இதே நிறம். யாரோ இன்ஸ்டாகிராமில் போட்ட ஒரு படத்தை அவள் பார்த்திருக்கிறாள். அவள் வீட்டு வாசலிலேயே அவள் நாய் உட்கார்ந்திருக்கிற படம். கேட் கேமராப் பதிவைத் தேடிப் பார்த்ததில், அன்று காலை குப்பை வண்டியோடு வந்த ஒருத்தி நாயைப் பிடித்திருந்தது தெரிந்திருக்கிறது.

"சாக்குல கெடந்துச்சு சார், ஜனவரில" என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

"குப்பைல கெடக்கறத எல்லாம் உங்ககிட்ட சொல்லிகினா இருக்கேன்?"

இப்படிப் பேசினால் விடுவார்களா? திங்கட்கிழமை நாயோடு ஷெட்டுக்கு வர வேண்டும், அதுவரை வேலை கிடையாது, மேடம் மனது வைத்தால் போலீஸ் இல்லை. பதினோரு வருட வேலை.

யார் அந்தப் படத்தைப் போட்டார்கள் என்று அம்மா என்னைக் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

யாரோ இல்லை. நான்தான்.

நாற்பது படம் எடுத்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மதில், காகிதப்பூ, துரைசாணி. எங்கள் பிளாக்கில் எடுத்திருக்கலாம். படிக்கட்டில் வெற்றிலை எச்சில், சுவரில் ஈரம், கம்பியில் தொங்கும் நைட்டி. பார்ப்பவர்கள் நாயைப் பார்க்கமாட்டார்கள், அதைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். விண்ணப்பத்தில் சைதாப்பேட்டை எழுதுகிற அதே கை.

நேற்றே அழித்துவிட்டேன். அழித்து என்ன பயன், அந்தப் பெண் சேமித்து வைத்திருப்பாள்.

அம்மா வீட்டில் இருக்கிறாள். மூன்று மணிக்கே விழித்துவிடுகிறாள், போக இடமில்லாமல் பாத்திரங்களைத் துலக்குகிறாள். சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

டில்லிபாபு வந்தார். "மறுபடி மொட்ட போட்டுரலாம் மோனி. மெஷின் வுட்டா பழையபடி உரிச்ச கோழி. எவ வந்து என் நாயின்னு சொல்லுவா?"

நல்ல யோசனை என்றுதான் எனக்குப் பட்டது. கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி ஜன்னல் மேல் வைத்தாள்.

"அசிங்கமா இருந்தாத்தான் நம்மகிட்ட இருக்கலாமா?" என்றாள். "நல்லா சீவி வுடு. அப்டியே வரட்டும்."

இன்று ஒரு மணி நேரம் சீவினேன். சிக்கே இல்லை. ஆனாலும் சீவினேன்.

ஜூன் 30, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

குப்பை வண்டிகள் நிறுத்தும் ஷெட். ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வேதகிரி அதைத் துடைத்து மாளவிகாவுக்குப் போட்டார். அவளுக்கு முப்பது வயது இருக்கும். நகை இல்லை, மேக்கப் இல்லை, கண் வீங்கியிருந்தது. திட்டுவதற்கு வசதியான முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

துரைசாணியைப் பார்த்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் மண்டியிட்டு "குக்கி" என்றாள். துரைசாணி வாலை ஆட்டியது. யார் குனிந்து உட்கார்ந்தாலும் அது வாலை ஆட்டும். இந்த ஆறு மாதத்தில் நாங்கள் கற்றுக்கொடுத்த ஒரே விஷயம் அதுதான்.

"பாருங்க, அவளுக்குத் தெரியுது" என்று அழ ஆரம்பித்தாள். உண்மையான அழுகை. அதைப் பார்த்து எனக்கு வர வேண்டிய கோபம் வராமல் நின்றது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் யார்மேலயும் கம்ப்ளெயின்ட் குடுக்கல. இவ கிடைச்சாப் போதும்" என்றாள்.

"நீ குடுத்து வச்சவ தேசம்மா. வேற யாருனா இருந்தா உள்ள வச்சிருப்பாங்க" என்றார் வேதகிரி.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. "மேடம், உங்க குக்கி குட்டி போட்டுகீதா?"

"இல்ல. அவளுக்கு மூணு வயசுதான்."

"இத்த பாத்துட்டு சொல்லுங்க."

அம்மா சிமென்ட் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். துரைசாணியைத் தூக்கி மடியில் மல்லாக்கப் போட்டாள். டாக்டர் மேஜையில் விறைத்த அதே கால்கள் ஒரு நொடி விறைத்தன. அம்மா கன்னத்தில் கை வைத்தாள். தளர்ந்தது. நான் வயிற்று முடியை இரண்டு பக்கமும் பிரித்தேன். கோணி ஊசியால் மூட்டை தைத்தது போல அந்தத் தழும்பு. இழுபட்டுத் தொங்கும் காம்புகள். உதட்டைத் தூக்கி நான்கு பல்லையும் காட்டினேன்.

வேதகிரி எட்டிப் பார்த்துவிட்டு வண்டிகள் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு டிரைவர்கள் பார்த்தார்கள். அந்தக் கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுகிற மாதிரி, எங்களிடம் திருட்டு இல்லை என்பதற்கு ஒருத்தியின் வயிற்றைத் திறந்து காட்டவேண்டியிருந்தது. பேசத் தெரியாத ஒருத்தியின் வயிற்றை.

மாளவிகா தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ அணைந்தது.

"இது குக்கி இல்ல" என்றாள். பிறகு, "ஐயாம் சாரி. ரொம்ப சாரிம்மா."

அம்மா முந்தானையை எடுத்து அந்த வயிற்றை மூடினாள்.

இத்தோடு முடிந்தது என்று எழுந்தேன். மாளவிகா எழவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. இவள எனக்குக் குடுத்துருவீங்களா? எங்க வீட்ல ஏசி இருக்கு. டாக்டர் வீட்டுக்கே வருவாங்க. நீங்க மேல் மாடி, கரன்ட் வேற போகும்னு சொன்னாங்க. இந்த ஜாதி அந்த வெயில்ல தாங்காது. பாவம்மா."

ஏப்ரலில் நான் அம்மாவிடம் சொன்ன அதே பேச்சு. என் வாயிலிருந்து திருடிக்கொண்டு போய்த் திருப்பிச் சொன்னது போல இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை.

"குடுத்துரு தேசம்மா" என்றார் வேதகிரி. "மேடமே கேக்கறாங்க. நாளைக்கே அதே தெருவுல வண்டி எட்து. இல்லன்னா நான் வேற எங்கனா பாத்துதான் போடணும், உன் இஷ்டம்."

அம்மா துரைசாணியின் காது முடியை நீவினாள். வெடிப்பில் மாட்டாமல் இருக்கப் புறங்கையால் நீவினாள். எப்போது அப்படிச் செய்யப் பழகினாள் என்று எனக்குத் தெரியாது.

"ஏசி வூட்ல இருந்துதான் மேடம் மூட்டைல வந்துச்சு."

குரலை உயர்த்தவில்லை. மாளவிகா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவுக்கே அது பொறுக்கவில்லை போல.

"உங்கள சொல்லல. உங்களுது கெடைக்கணும். அந்தப் பக்கம் வேல பாக்கற பொம்பளைங்க அத்தினி பேர்கிட்டயும் சொல்லி வைக்கிறேன். எந்த மூட்டையா இருந்தாலும் தொறந்து பாக்கச் சொல்றேன்."

துரைசாணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தண்ணீர் கொடுத்தேன். துரைசாணியும் அதிலேயே குடித்தது.

ஜூலை 3, வியாழன்

அம்மாவை மீன் மார்க்கெட்டுக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே தள்ளுவண்டிதான். செதிலும் குடலும் கொட்டுகிற தொட்டிகள். போலீஸில் புகார் இல்லை, வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆகவே யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மூன்று மணிக்கு வந்தாள். இரண்டு முறை குளித்தும் மீன் வாடை போகவில்லை. கால்களைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். பித்தவெடிப்பில் உப்பு இறங்கிச் சிவந்திருந்தது.

துரைசாணி அந்தப் பாதங்களை முகர்ந்தது. இடது கால், வலது கால், மறுபடி இடது. கோழி ஈரலுக்குக்கூட இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன். பாதத்தில் தடவினேன். பன்னிரண்டு நாளாக வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அந்தப் படம் நான் போட்டதும்மா."

"தெரியும்."

"எப்டி?"

"பாபு அன்னிக்கே காட்னான். ரெண்டாயிரம் பேர் பாத்தாங்கன்னு அவனுக்கு ஒரே சந்தோஷம், அவன் வெட்ன முடியாம்."

"அப்ப ஏன் என்ன ஒண்ணும் கேக்கல?"

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருந்த" என்றாள். "எதுக்கு அந்த கேட்டாண்ட கொண்டு போயி நிறுத்துன? நம்ம படிக்கட்டுல வெளிச்சம் இல்லியா?"

இருந்த பதில்கள் எதுவும் அவளிடம் சொல்லக்கூடியவையாக இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு சீப்பை எடுத்தேன். சீவுகிற நேரமாகிவிட்டது. துரைசாணியைக் கூப்பிட்டேன்.

அவள் வரவில்லை. அந்தப் பாதங்களில் முகத்தை வைத்து, காலையில் நான் சீவிவிட்ட முடியெல்லாம் எண்ணெயில் ஒட்ட, மீன் நாற்றத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.